மல்லாட்டைக்கு ஒரு ரூம்மேட்!

பூஞ்சைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஹாஸ்டல் பிரெட்டா, மழையில நனைஞ்ச ஷூவா? அதையெல்லாம் கொஞ்சம் மறந்துடுங்க பாஸ். வேருக்குள் குடியிருந்து பயிரை வளர்க்கிற நல்ல பூஞ்சையும் உண்டு. பேரு வேர் உட்பூசணம். சுருக்கமா 'வேம்'.

நான் படிக்கிறது மெக்கானிக்கல். ஆனா, என் செமஸ்டர் ஃபீஸ் முளைக்கிறது திண்டிவனம் பக்கத்து மானாவாரி மல்லாட்டையில! நிலக்கடலையை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். டி.ஏ.பி. மூட்டை விலை ஏறினா எனக்கு வயித்தைக் கலக்கும்.

விஷயம் இதுதான். டி.ஏ.பி-யில் இருக்கும் மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது. சுண்ணாம்பு, இரும்போடு ஒட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வேர்தான் தேடிப் போகணும். மற்ற செடிகளுக்கு அதற்கு வேர்த்தூவிகள் இருக்கு. மல்லாட்டைக்கோ அது ரொம்பக் கம்மி. இங்கேதான் வேம் கை கொடுக்குது. வேர்த்தூவியைவிட மெல்லிய இழைகளைப் பல சென்டிமீட்டர் தள்ளி அனுப்பி, மணிச்சத்தை இழுத்து வருது. வாடகை? செடி தயாரிக்கும் சர்க்கரை! வேர் முடிச்சில் தழைச்சத்து பிடிக்கிற ரைசோபியத்துக்கும் மணிச்சத்து தேவை என்பதால், டபுள் லாபம். ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி வருஷப் பழைய செடிப் படிமங்களிலேயே இந்தக் கூட்டணி இருக்கு.

அப்பாகிட்ட சொன்னேன். "இது நம்ம மண்ணுல ஏற்கெனவே இல்லியா? உன் ஃபீஸ் கட்டுற பயிர்லயா பரிசோதனை?"ன்னார்.

ரெண்டுமே நியாயமான கேள்வி. நிறைய மண்ணில் இது இயற்கையாவே உண்டு. ஆனா, மணிச்சத்து உரத்தைக் கொட்டக் கொட்ட, செடி பூஞ்சையைக் கண்டுக்காது. பலனும் நிலத்துக்கு நிலம் மாறும். அதனால 'ஆஹா ஓஹோன்னு விளையும்'னு நான் சத்தியம் பண்ணலை. பத்து சென்ட் மட்டும் கேட்டேன். பாதியில் வழக்கம்போல. மீதிப் பாதியில் வேம், டி.ஏ.பி. கம்மி. வேமை மக்கிய எருவோட கலந்து, விதைக்குக் கொஞ்சம் கீழே போட்டோம். முளைக்கிற வேர் அதைத் தொட்டுக்கிட்டே இறங்கணுமே!

ஆடியில் விதைச்சாச்சு. ஐப்பசியில் ரெண்டு பாதியையும் தனித்தனியா பிடுங்கி, காய வெச்சு, எடை போடப்போறோம். மழை பொய்ச்சா ரெண்டுமே காலி, அது வேற கதை.

உங்க வீட்டிலும் கடலைக் காடு இருந்தா, பத்து சென்ட் கேட்டுப் பாருங்க. முழு நிலத்தையும் கேட்காதீங்க. அப்பாக்களுக்கும் ஃபீஸ் கட்டணும்ல!