கூலிக் கணக்கும் எழில் நிரலும்

தோழர்களே, ஒருவர் பொழுதுபோக்காக எழுதும் நிரலால் நம் மக்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கிறீர்கள். ஏற்காட்டில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

'எழில்' என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை 2007-ல் அமெரிக்காவில் இருந்தபடி, சொந்த ஆர்வத்தில் செய்யத் தொடங்கியது. பைத்தானை அடித்தளமாகக் கொண்டது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. பிரிண்ட் என்பதற்கு 'பதிப்பி', எல்ஸ் என்பதற்கு 'இல்லை', எண்ட் என்பதற்கு 'முடி'. இஃப் என்பதற்கு 'ஆனால்'. அதுவும் நிபந்தனைக்குப் பின்னால்தான் வரும், நாம் பேசுவது போலவே. வெறும் சொல்மாற்றம் என்றால் எங்களுக்கு அலுத்திருக்கும்.

எங்கள் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் எஸ்டேட் கூலிகள். 'கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் வேணும்' என்று சொல்லியே அவர்களைத் தள்ளி நிற்க வைத்திருக்கிறார்கள். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், ஒரு பிள்ளையின் அக்காவுக்கு வந்த அரசு மடிக்கணினியில் எழிலை ஏற்றிவைத்தோம். ஒன்பதாவது படிக்கும் பெண் முதலில் எழுதியது இவ்வளவுதான்:

@( எடை > பதிவு ) ஆனால்
பதிப்பி எடை - பதிவு
முடி

எடை என்பது தராசில் சொன்ன காபிப் பழக் கிலோ. அம்மா கேட்டு வந்து நோட்டில் எழுதச் சொன்னது. பதிவு என்பது கணக்குப்பிள்ளை எழுதியது. ஆறு நாளைக்கும் ஓட்டிப் பார்த்ததில் மொத்தம் ஒன்பது கிலோ காணவில்லை. கால்குலேட்டரும் இதையே சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பெண் மூன்று வரியையும் வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்குப் புரிந்தது. 'இதைத்தானே நானும் சொல்றேன்' என்றார். கருவி கணக்கைப் போட்டது, அவர் அதைச் சரிபார்த்தார்.

எழில் தெரிந்தால் வேலை கிடைக்காது. பைத்தானுக்குப் போயே ஆக வேண்டும். பிள்ளைகளிடம் இதை மறைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. பொழுதுபோக்குக்குப் பொழுது வேண்டும். விறகு எடுத்து, தம்பியைப் பார்த்து, சோறு ஆக்கிவிட்டு வருகிற பிள்ளைக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். மாலையில் சும்மா உட்கார்ந்து எதையாவது செய்துபார்ப்பது இந்த நாட்டில் நிலத்தைப் போலவே சாதிவாரியாகப் பங்கு போடப்பட்டிருக்கிறது. அதனால்தான், தன் மாலைப் பொழுதில் செய்ததைப் பூட்டி வைக்காமல் பொதுவில் போடுகிறவர்களை நாங்கள் மதிக்கிறோம்.

ஒன்பது கிலோவைக் கேட்கப் போன அம்மாவுக்கு நான்கு கிலோவுக்குக் கூலி கிடைத்தது, மீதிக்கு வசவு. அடுத்த வாரம் இன்னும் மூன்று வீட்டு நோட்டுகள் வந்தன. பழப் பறிப்பு பிப்ரவரி வரை இருக்கிறது.