இருபத்தைந்து நொடிக் கணக்கு

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் கணினித் திரையை மூடினார்.

"இப்ப சொல்லு பாப்பா, செவப்புக் கவசம் எப்ப வரும்?"

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவள் கண்ணை மூடி யோசித்தாள். "ரெண்டு பதினாலுல எடுத்தேண்ணா. ரெண்டு முப்பத்தொன்பதுல வரணும்."

துண்டு விலகியது. திரையின் மேல்மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் 2:39-ஐத் தொட்டபோது, வெறுமையாக இருந்த கல்மேடையில் சிவப்புக் கவசம் முளைத்தது. அவள் அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். அறையில் இருந்த மற்ற நான்கு பேரும் மேசையைத் தட்டினார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடியறை அது. எட்டுக் கணினிகள், நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி, தரையெல்லாம் நீலக் கம்பிகள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போனேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அன்று காலை வாங்கிவந்த இரண்டு பழைய விசைப்பலகைகளை ஒரு பையன் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். பகலில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்யும் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் மாலை இங்கே புதியவர்களுக்கு அரீனா ஷூட்டர் ஆடக் கற்றுத்தருகிறார். எல்லாருக்கும் அவர் அண்ணன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அரீனா ஷூட்டரின் அமைப்பு எளிமையானது. மூடிய ஒரு களம், அதற்குள் இரண்டு பேர், பத்து நிமிடம். அதிக முறை வீழ்த்தியவர் வென்றார். இருவருக்கும் தொடக்கம் ஒன்றுதான்: 125 உயிர்ப்புள்ளி, கையில் சாதாரண இயந்திரத் துப்பாக்கி. மற்ற ஆயுதங்களும் கவசங்களும் களத்தில் குறித்த இடங்களில் கிடக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும். 1996-இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'குவேக்' இந்த வகைக்குப் பெரும் பாதை போட்டது. 1999 டிசம்பரில் வந்த 'குவேக் 3 அரீனா' அதைச் செதுக்கிக் கூர்மையாக்கியது. 2005-இல் அந்த ஆட்டத்தின் மூலநிரலைக் கட்டற்ற மென்பொருளாக அந்நிறுவனமே திறந்துவிட்டது. அதை வைத்துத் தன்னார்வலர்கள் கட்டியதுதான் 'ஓப்பன் அரீனா'. இந்த மாடியறையில் ஓடுவது அது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினியிலும் தடங்கலில்லாமல் ஓடும்.

அண்ணன் இந்த ஆட்டத்தைக் கற்றது பிரவுசிங் சென்டர் காலத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு சென்டரில் வேலைக்குச் சேர்ந்தவர், இரவு கடையடைத்த பிறகு கம்பியில் இணைத்து நண்பர்களோடு ஆடியிருக்கிறார். "எங்களுக்குச் சொல்லித்தர ஆளே இல்ல சார். ஆறு மாசம் அடி வாங்கினப்புறந்தான் கவசம் திரும்பத் திரும்ப ஒரே நேரத்துல வருதுங்கறதே தெரிஞ்சது" என்றார்.

இன்று அந்த ஆறு மாதம் பொறுக்க யாருக்கும் நேரமில்லை. கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் சுடும் ஆட்டங்களில் நூறு பேர் ஒரே களத்தில் இறங்குவார்கள். யாரோ தவறு செய்ய, யாரோ காப்பாற்ற, தன் குறை தனக்குத் தெரியாமலே ஓடிவிடும். இங்கே ஒருவருக்கு ஒருவர். அதிலும் இத்தனை ஆண்டு கழித்து இந்த ஆட்டத்தில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் பழந்தின்று கொட்டை போட்டவர்கள். இணையத்தில் நுழையும் புதியவர் முதல் நாளே முப்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்று, மறுநாள் வரமாட்டார்.

"தோத்ததால போறதில்ல சார்" என்றார் அண்ணன். "ஏன் தோத்தோம்னு தெரியாம போயிட்றாங்க. அதைக் காட்டிக் குடுத்துட்டா நாளைக்கும் வருவாங்க."

அவருடைய தொழில் முழுவதும் இந்தக் காட்டிக்கொடுத்தலில் இருக்கிறது.

முதல் வாரம் யாரும் சுடக்கூடாது. மவுஸைச் சரிசெய்வதில் பாடம் தொடங்குகிறது. புதியவர்கள் மவுஸின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். தொட்டால் திரை சுழலும், குறி நிற்காது. அவர் அதைக் குறைக்கிறார். மவுஸ் அட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால் ஆட்டக்காரர் ஒரு முழுச் சுற்று திரும்ப வேண்டும், அதுதான் அவர் அளவு. நாற்காலியின் உயரம், முழங்கை மேசையில் படியும் விதம் எல்லாவற்றையும் கையால் தொட்டுத் திருத்துகிறார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும் என்பது அறையின் சட்டம்.

பிறகு ஓட்டம். தரையில் ஓடினால் வேகம் நொடிக்கு 320 அலகு, அதற்குமேல் போகாது. ஆனால் முன்விசையோடு பக்கவிசையையும் அழுத்திக் குதித்து, அதே பக்கம் மவுஸைச் சீராகத் திருப்பினால், ஒவ்வொரு குதிப்புக்கும் வேகம் ஏறிக்கொண்டே போகும். இதற்கு ஸ்ட்ரேஃப் ஜம்ப் என்று பெயர். ஆட்டத்தை எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. வேகத்துக்கு வரம்பு கட்டிய கணக்கில் இருந்த ஒரு இடைவெளியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவே இந்தக் கலையின் அரிச்சுவடி ஆகிவிட்டது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் காலிக் களத்தில் ஒரே தாவலை முக்கால் மணி நேரம் முயன்றுகொண்டிருந்தான். அண்ணன் பின்னால் நின்று, "அவசரப்படாத. கை முன்னாடி போவுது, காலு பின்னாடி வருது" என்று மட்டும் சொன்னார். நாற்பதாவது முறையோ ஐம்பதாவது முறையோ அவன் எதிர்மேடையில் கால் வைத்தபோது, முதலில் திரும்பிப் பார்த்தது அண்ணனைத்தான்.

இரண்டாம் வாரம் கணக்கு. எடுத்த கவசம் 25 நொடியில் திரும்பி வரும். நூறு உயிர்ப்புள்ளி தரும் மெகா ஹெல்த் 35 நொடியில். ஆயுதம் 5 நொடியில். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் தனித்தனி ஓசை. சுவருக்கு அப்பால் எதிராளி எதை எடுத்தான் என்பதைக் காது சொல்லும். கடிகாரத்தைப் பார்த்து இருபத்தைந்தைக் கூட்ட வேண்டியது மனத்தின் வேலை. பல்லாங்குழியில் காய் எந்தக் குழியில் முடியும் என்று அள்ளும் முன்பே கணக்கிட்ட பாட்டிகளிடம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சண்டைக்கு நடுவே அதைச் செய்வதுதான் கடினம். துண்டு போட்டு மூடும் பயிற்சி அதற்காகவே.

மூன்றாம் வாரம்தான் ஆயுதம். ராக்கெட்டை ஆளைப் பார்த்து அடிக்காதே, அவன் கால் வைக்கப்போகும் தரையைப் பார்த்து அடி என்கிறார். ரெயில்கன் நேராகப் பட்டால் நூறு புள்ளி குறையும்; ஆனால் அடுத்த குண்டுக்கு ஒன்றரை நொடி காத்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை நொடி எதிராளிக்குச் சொந்தம் என்பதை மறந்தவன் செத்தான்.

பிள்ளைகளுக்கு அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1997-இல் அமெரிக்காவில் நடந்த 'ரெட் அனிஹிலேஷன்' குவேக் போட்டியின் இறுதியில், திரெஷ் என்ற பெயரில் ஆடிய டெனிஸ் ஃபாங் 14 புள்ளி எடுத்தார். எதிராளி எடுத்தது மைனஸ் 1. குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தன் சிவப்பு ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தார். பிள்ளைகள் காரைப் பற்றிக் கேட்கிறார்கள். அண்ணன் மைனஸ் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். களத்தில் இருந்த நல்ல பொருட்கள் ஒருவர் பிடியில் இருந்தால் இன்னொருவர் நிலை என்னவாகும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

என்னையும் உட்காரவைத்தார்கள். எதிரே, துண்டுக்குப் பின்னால் கணக்குச் சொன்ன அந்தப் பெண்; பாலிடெக்னிக் மாணவி. நாலு மாதம் பயின்றவள். பத்து நிமிடத்தில் பத்தொன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றேன். அண்ணன் பதிவான ஆட்டத்தை மறுபடி ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க உங்ககிட்ட எவ்ளோ உயிர் இருக்கு சார்?" நாற்பது. "அது கிட்ட?" கவசத்தோடு சேர்த்து இருநூறு. "அப்ப ஏன் கதவத் தாண்டிப் போனீங்க?" என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி விளங்கியது. தோல்விக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. உடனே இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும் போலிருந்தது.

இங்கே பயிலும் ஒவ்வொருவரிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. ஒவ்வொரு முறை வீழ்ந்ததையும் எழுத வேண்டும். அந்த மாணவி அனுமதித்ததால் ஒரு பக்கம் படித்தேன். "4:52. படிக்கட்டுக்குக் கீழே. என்னிடம் 60. அவரிடம் சிவப்பு. சத்தம் கேட்டும் போனேன். கோபம்." கடைசிச் சொல்லின் கீழே அண்ணன் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்.

ஆறு மணிக்கு ஒரு தாய் வந்தார். மகனைச் சேர்க்க வேண்டும், ஆனால் பயம். "இது காசு வெச்சி ஆடுறதா தம்பி?" என்று வாசலிலேயே கேட்டார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இணைய ரம்மியில் பணத்தையும் உயிரையும் விட்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாட்டு வீடுகளும் புதுச்சேரி வீடுகளும் படித்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து விளையாட்டாக அங்கீகரித்தது. அண்ணன் சட்டம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கம்மா, ஒரு மணி நேரம் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். மாதம் அவர் வாங்குவது மின்கட்டணத்துக்கான பங்கு மட்டும். அந்த அம்மா முழு நேரமும் இருந்து பார்த்தார். நோட்டைப் புரட்டிய பிறகு, அடுத்த வாரம் பையனை அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பழைய ஆட்டங்கள் அழிவதற்குப் புதிய ஆட்டங்களைக் குறை சொல்கிறோம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களை வீழ்த்தி மகிழ்வதோடு நின்றுவிடுவதே பெரிய காரணம் என்று இந்த மாடியறை எனக்குக் காட்டியது. கேரமோ சிலம்பமோ குவேக்கோ, உங்களுக்கு ஓர் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்றால், வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு புதியவரின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தோற்ற இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். மறுநாளும் அவர் வருவார்.