ஆவுடைப் பொய்கைத் தெப்பமும் 82 சென்டிமீட்டர் எம்டனும்

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். அடுத்தது, கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் புற்றுமண். பயணம் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மூன்றாவது, பிரியாணி. இந்த வரிசையில் ஆவுடைப் பொய்கைக்கு எப்போதும் கடைசி இடம்தான். தை மாதக் கடைசி வெள்ளியன்று மட்டும் அது முன்வரிசைக்கு வந்துவிடும். அன்றுதான் அங்கே தெப்பத் திருவிழா.

திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சென்னைக்காரர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வழியெல்லாம் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். தாமிரபரணிப் பாசனம் எட்டாத பக்கம் இது. மழை பெய்தால் குளம் நிறையும், குளம் நிறைந்தால் கிணறு ஊறும். அவ்வளவுதான் இங்கே தண்ணீர்க் கணக்கு.

கோயிலுக்குள் இருக்கும் நாகசுனையும் ஆவுடைப் பொய்கையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நாகசுனை சிறிய தீர்த்தம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் உண்டாக்கியது என்கிறது தலபுராணம். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். யார் பெரியவர் என்று அவர்கள் போட்ட சண்டையில்தான் பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாகச் சங்கரநாராயணர் இந்த ஊருக்குக் கிடைத்தார். தெப்பம் மிதப்பது, ஆலயத்துக்கு வெளியே இருக்கும் ஆவுடைப் பொய்கையில்.

தெப்பமும் ஒரு வகையில் கப்பல்தான். எஞ்சின் கிடையாது, சுக்கான் கிடையாது, மாலுமி கிடையாது. காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, மரத்தாலும் மூங்கிலாலும் பிணைத்து, மேலே பலகை பரப்பி, அதன்மேல் மண்டபம் கட்டுவது இன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவலான வழக்கம். திருவாரூர் கமலாலயத்தில் விடும் தெப்பத்துக்கு நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் தேவைப்படும். அதன்மேல் சுவாமி, அம்பாள், பட்டர்கள், நாகஸ்வரம், தவில், விளக்கு அலங்காரம் என்று அத்தனையும் ஏறும். கரையில் இருப்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் ஆடாமல் அசையாமல் குளத்தைச் சுற்றி வரும்.

இத்தனை பாரத்தோடு தெப்பம் கவிழாமல் போகிறது. பிள்ளைகள் ரிமோட்டில் ஓட்டும் போர்க்கப்பல் பொம்மை மட்டும் ஏன் நாலாவது நிமிடம் குப்புற விழுகிறது?

ரிமோட் கப்பல் பழைய சமாசாரம். உலகத்தில் முதன்முதலாக ரேடியோ அலையால் இயக்கிக் காட்டிய வண்டியே ஒரு சின்னக் கப்பல்தான். 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தொடாமலேயே படகைத் திருப்பிக் காட்டினார். கூட்டம் நம்பவில்லை. மந்திரம் என்றார்கள் சிலர். உள்ளே பழக்கிய குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்றார்கள் சிலர். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி டெஸ்லாவுக்குக் காப்புரிமை கிடைத்தது.

நம் ஊர்த் திருவிழாக் கடைகளுக்கு அதைவிட எளிமையான கப்பல் வந்து சேர்ந்தது. எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால் டப டபவென்று சத்தம் போட்டு ஓடுமே, அந்தத் தகரப் படகு. 1891-லேயே தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்த உத்திக்குப் பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார். குழாயில் தண்ணீர் ஊற்ற மறந்தால் ஓடாது, திரியைத் தள்ளும்போது விரல் சுடும், அண்டாவுக்குள் விட்டால் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதோடு அதன் விபத்துகள் தீர்ந்தன. இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சாம்பல் நிறத்தில் பீரங்கி வைத்த ரிமோட் போர்க்கப்பல் வீட்டுக்கே வருகிறது. கைவேலை தெரிந்தவர்கள் பால்சா மரத்திலும் ஃபைபரிலும் தாங்களே செய்கிறார்கள். என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய அளவில் நடக்கும் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டியே.

செய்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், போர்க்கப்பல் எவ்வளவு வம்பான பிராணி என்று. தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் வீடுகளில் யாராவது ஒரு மாமா பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர், அகலம் பதின்மூன்றரை மீட்டர். இந்த விளையாட்டில் அதிகம் பழகிய அளவான 144-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், நீளம் 82 சென்டிமீட்டர் வரும். அகலமோ ஒன்பதரை சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட வாழைத்தண்டு மாதிரி.

எடையில்தான் முதல் சிக்கல். நீளம் 144-ல் ஒரு பங்காகக் குறைந்தால், எடை 144-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 30 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுமார் 3,600 டன் எம்டன் ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்க வேண்டும். மோட்டார், பேட்டரி, ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சர்வோ, உடல், பெயின்ட் எல்லாம் சேர்த்துத்தான் இந்த ஒன்றேகால் கிலோ. தண்ணீருக்குள் அது இறங்க வேண்டிய ஆழம் வெறும் நாலு சென்டிமீட்டர். ஆசை விடுமா? புகைபோக்கி வேண்டும், கொடிமரம் வேண்டும், சுழலும் பீரங்கி வேண்டும், ராத்திரி எரிய எல்இடி வேண்டும். எல்லாம் மேலே ஏறும். மேலே பாரம் ஏற ஏற, திரும்பும்போது கப்பல் சாயும், சாய்ந்தது நிமிராது.

தெப்பம் தப்பிப்பது அதன் அகலத்தால். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், ஒரு பக்கம் கொஞ்சம் அழுந்தினாலும் அந்தப் பக்கத்துப் பீப்பாய்கள் உடனே மேலே தள்ளிவிடும். ஆனால் அதிலும் எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் கதை வேறு. தெப்பத்தில் யார் யார் ஏறலாம், எங்கே உட்காரலாம் என்று கோயில்களில் கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரம் மேலே ஏறிக் கவிழ்ந்ததில் பொம்மைக் கப்பலுக்கு ராஜ பரம்பரை முன்னோடிகள் உண்டு. சுவீடன் மன்னர் ஆசை ஆசையாகக் கட்டிய வாசா என்ற போர்க்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கிளம்பி ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. லேசான காற்றில் சாய்ந்து, பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து, கரையில் நின்ற கூட்டத்தின் கண் முன்னாலேயே மூழ்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிளம்புவதற்கு முன்பே சோதித்துப் பார்த்தார்கள். 30 ஆட்களை மேல்தளத்தில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட, சோதனையை நிறுத்திவிட்டார்கள். பயணத்தை நிறுத்தவில்லை.

வீட்டுக் கப்பலுக்கு அந்தச் சோதனை இன்னும் சுலபம். மாடிச் சிமென்ட் தொட்டியில் மிதக்கவிட்டு, விரலால் ஓரத்தை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் நல்லது. யோசித்து யோசித்து நிமிர்ந்தால், அடிப்பாகத்தில் ஈயக்குண்டுகளை ஒட்டியாக வேண்டும். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றியும் பார்க்கலாம். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தால் ஒரு பக்கமாக ஓடிச் சரிக்குமே, அதே வேலையைக் கப்பலுக்குள்ளும் செய்யும். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் குழாயில் கிரீஸ் காய்ந்துவிட்டால், தண்ணீர் உள்ளே வர அந்த வழியே போதும்.

குளத்தில் இறக்கிய பிறகு வருவது காற்று. சங்கரன்கோவில் பக்கம் அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை நம்பித்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று நமக்கு இதமான காற்று. அந்த 82 சென்டிமீட்டர் எம்டனுக்கு அது மணிக்கு 240 கிலோமீட்டர் சூறாவளி. அளவுக்கு வர்க்கமூலம் எடுத்துப் பெருக்க வேண்டும் என்பது கப்பல் பொறியாளர்கள் கணக்கு. 144-க்கு வர்க்கமூலம் 12. வேகத்துக்கும் அதே கணக்குதான். உண்மையான எம்டன் மணிக்கு 44 கிலோமீட்டர் ஓடியது. மாதிரி எம்டன் மணிக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஓடினால் போதும், ஆள் நடக்கும் வேகம். பெரிய மோட்டாரைப் போட்டு விரட்டினால், முன்பக்கம் தண்ணீரை அள்ளிக்கொண்டு நேராக உள்ளே இறங்கிவிடும்.

பாசி இன்னொரு வில்லன். வேலம்பாசி ஒரு இழை சுற்றினால் போதும், புரொப்பெல்லர் நிற்கும், மோட்டார் சூடாகும். ரிமோட் விஷயத்தில் பழைய கருவிகளுக்கு ஒரு கோளாறு இருந்தது. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால், இவர் வலப்பக்கம் திருப்ப, அவர் கப்பல் திரும்பும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அந்த அலை தண்ணீருக்குள் போகாது. ஆன்டெனா மூழ்கிவிட்டால் கரையில் நின்று என்ன அமுக்கினாலும் பிரயோசனமில்லை. நனைந்த லித்தியம் பேட்டரியை மீட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி சார்ஜில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும்.

கப்பல் மூழ்குவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய போட்டி இது. இதே 144-ல் ஒரு பங்கு கப்பல்கள். மெல்லிய பால்சா மரத்தில் பக்கச்சுவர். கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் சின்ன உலோகக் குண்டுகளைச் சுடும் பீரங்கி. ஒன்றையொன்று நிஜமாகவே ஓட்டை போட்டு மூழ்கடிக்கும். இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரில், பீஸ்ஹோம் பூங்காக் குளத்தில் 1927 முதல் நடக்கும் கப்பல் சண்டை இன்னும் வேடிக்கையானது. அங்கே ரிமோட் இல்லை. ஆறேழு மீட்டர் நீளக் கப்பல்களுக்குள் ஆளே உட்கார்ந்து ஓட்டுகிறார்.

டெக்சாஸ்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலுக்குள்ளும் ஒரு சின்ன மிதவையை நூலில் கட்டி வைத்திருப்பார்கள். கப்பல் மூழ்கினால் மிதவை மேலே வரும். நூலைப் பிடித்து இழுத்தால் கப்பல் வந்துவிடும்.

நம் பக்கத்தில் இந்த நூலுக்கு மதிப்பு ரொம்ப அதிகம். இந்த விளையாட்டில் கப்பல் மூழ்குவது பெரிய விபத்தே இல்லை. நடுக்குளத்தில் நின்றுபோன கப்பலை எடுக்க யாராவது தண்ணீரில் இறங்குவதுதான் விபத்து. குளத்துக் கரையோரம் முழங்கால் ஆழம் இருக்கும். அடுத்த அடியில் மண் எடுத்த பள்ளம் இருக்கும். சேற்றில் கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம். தோட்டங்களில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டைகள் பார்க்கத் தெளிவாக, நீச்சல்குளம் மாதிரி இருக்கும். பாசி படிந்த அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தால், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. விடுமுறைக் காலத்தில் குளத்திலும் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டு உண்டா? இரண்டாயிரம் ரூபாய்ப் பொம்மைக்காக யாரும் இறங்க வேண்டாம். தூண்டில் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி, கப்பலுக்கு அந்தப் பக்கம் விழும்படி வீசி, மெல்ல இழுத்தால் நூலில் மாட்டிக்கொண்டு வரும். வராவிட்டால் காத்திருக்கலாம். காற்றே ஏதாவது ஒரு கரைக்குத் தள்ளிவிடும்.

கோயில் தெப்பக்குளத்தில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆவுடைப் பொய்கைக்கு வேறு கவலை இருக்கிறது. மழை பொய்த்தால் தெப்பத்துக்குத் தண்ணீர் கிடையாது. தெற்குச் சீமையின் தெப்பக்குளங்களுக்கெல்லாம் இருக்கும் கவலைதான் இது. திருமலை நாயக்கர் வெட்டிய மதுரை வண்டியூர் தெப்பக்குளத்திலேயே, தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பத்தைத் தரையில் நிறுத்தி 'நிலைத் தெப்பம்' என்று நடத்தியிருக்கிறார்கள். வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சரிசெய்த பிறகுதான் அங்கே மறுபடி மிதக்கத் தொடங்கியது. கூரை மேல் பெய்யும் மழையும் தெருவில் ஓடும் மழையும் குளத்துக்கு வந்து சேரும் வழி திறந்திருந்தால்தான் எந்தத் தெப்பமும் மிதக்கும்.

ஆவுடைப் பொய்கைத் தெப்பத்தைப் பார்க்க நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். குளம் நிறைந்திருந்தால் தை கடைசி வெள்ளிக்கு டிக்கெட் போடலாம். பகலிலேயே போய்ச் சேர்ந்து, ஒன்பது நிலை ராஜகோபுரத்தையும் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் பார்த்துவிட்டுக் குளத்துக்கு வருவது வசதி. குழந்தைகளைப் படிக்கட்டில் முன்வரிசையில் நிறுத்தாமல், கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள்.