பாறையைப் பிரியாத ஓடு

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் செவிலியாகப் பணிபுரியும் எங்கள் மகள், இனித் தன்னோடு அங்கேயே தங்கிவிடுமாறு எங்களை வற்புறுத்தி வந்தாள். "ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள், அப்பா?" என்று கேட்டாள். விடை கூற இயலாமல், பேரனை அழைத்துக்கொண்டு கடலோரப் பாறைகளுக்குச் சென்றோம்.

கடல் வற்றியிருந்த வேளை அது. அங்கே நீர்மட்டம் 5 மீட்டர் அளவுக்கும் ஏறி இறங்குகிறது. நம் குமரிக் கரையில் அத்தகைய ஏற்றவற்றத்தை நாங்கள் கண்டதேயில்லை. பாறையெங்கும் கூம்புத் தொப்பிகளைக் கவிழ்த்தாற்போல் லிம்பெட் என்னும் நத்தைகள் ஒட்டியிருந்தன. அலை மோதும் வெளிப்பாறைகளில் அவை மிகுந்தும், பாசி அடர்ந்த அமைதியான இடுக்குகளில் குறைந்தும் காணப்பட்டன. சுகமான இடத்தை விட்டு அடிபடும் இடத்தை நாடுவானேன் என்று வியந்தோம். இளங்குஞ்சுகள் ஈரமான பிளவுகளில் வளர்ந்து, பின்னரே மேலேறுமாம். மேற்கரையில் வெயில் தாங்கி வாழ்பவற்றின் ஓடு உயரமாகவும், கீழே வாழ்பவற்றின் ஓடு தட்டையாகவும் இருப்பதுண்டு.

நீர் ஏறியதும் இவை பாசியைச் சுரண்டி மேயப் புறப்படுகின்றன. மேய்ந்தபின் தத்தம் இடத்துக்கே திரும்புகின்றன. மென்பாறையாயின் ஓடு பாறையைத் தேய்க்கும். வன்பாறையாயின் பாறைக்கேற்ப ஓடு வளரும். இவ்வாறு பொருந்தினால்தான் உள்ளேயுள்ள ஈரம் வற்றாது. இவற்றின் பற்களை ஆராய்ந்தோர், அதுவரை அறியப்பட்ட உயிர்ப்பொருள்களுள் அவையே மிக உறுதியானவை என 2015இல் அறிவித்தனர்.

1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் இக்கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. எண்ணெயைப் போக்கத் தெளித்த மருந்துகளே எண்ணெயினும் கொடியவையாயின. லிம்பெட்டுகள் மாண்டன, மேய்வாரற்ற பாறைகள் பச்சைப் பாசியால் மூடின. பழைய நிலை திரும்பப் பல இடங்களில் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

இதற்கிடையில் பேரன் ஒன்றைக் கல்லால் தட்டிப் பெயர்த்து, அடுத்த பாறையில் வைத்துவிட்டான். அது பொருந்தவில்லை, விளிம்பில் இடைவெளி தெரிந்தது. என் துணைவியார் முழந்தாளிட்டு, அது இருந்த முட்டை வடிவத் தழும்பைத் தேடிக் கண்டு, அதன்மேல் வைத்து, கையால் கடல்நீர் அள்ளி வார்த்தார். நெடுநேரம் காத்திருந்தோம். பிடித்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அன்றிரவு மகள் மீண்டும் கேட்டாள். பயணச்சீட்டின் தேதியை மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். அவள் மறுமொழி கூறாது எங்கள் தட்டில் இன்னும் சோறு வைத்தாள்.