கைக்கேற்ற பிடி

ஞாயிறு மாலைகளில் நம் வாலிபர்கள் இறகுப்பந்து ஆடுவதை அறிவீர்கள். நானும் அவ்வப்போது அவர்களோடு ஆடுவதுண்டு. இவ்வாரம் மட்டையின் பிடியைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

திருவொற்றியூரின் கடற்காற்றில் கை எந்நேரமும் வியர்க்கும். கை வழுக்கினால் நம்மை அறியாமலே மட்டையை இறுக்குகிறோம். இறுக்கிய கையில் மணிக்கட்டு எளிதில் சுழலாது, முன்கை வலிக்கும். அந்த வலியோடு திங்கட்கிழமை காலையில் பாரம் தூக்கச் செல்லும் பிள்ளைகள் நம்மிடையே உண்டே! கைதான் அவர்களுடைய சம்பளம்.

மட்டையில் ஜி4, ஜி5 என்று அளவு எழுதியிருக்கும். எண் கூடினால் பருமன் குறையும். பலர் இதைத் தலைகீழாக எண்ணுகிறார்கள். பிடித்தபின் விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும். ஐயமிருந்தால் மெல்லியதையே வாங்குங்கள். நாடா சுற்றித் தடிப்பாக்கலாம். தடித்ததை மெலியவைப்பது கடினம்.

திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே வலது கை பாதிக்கப்பட்டவர். இடது கையால் ஆடி 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பிள்ளை எந்தக் கையால் ஆடுகிறதோ, அந்தக் கையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தகப்பனின் கையளவு உதவாது.

மிகுதியாக வியர்ப்பவர்களுக்குத் துவாலைத் துணிப் பிடி நல்லது. வியர்வையை உறிஞ்சும், ஆனால் விரைவில் அழுக்கேறி நாறும், அடிக்கடி மாற்றவேண்டும். செயற்கை நாடாவோ மலிவு, வழவழப்பானதும் உரித்துவிடுங்கள். சுற்றத் தெரியாதவர்கள் அடுத்த ஞாயிறு மட்டையோடு வாருங்கள்.