தோளில் வாங்கும் உதை

ஓசூரில் எங்கள் தெருப் பையன்கள் சிப்காட் ஆலைகளுக்குத்தான் போவார்கள். எதிர்வீட்டுப் பையன் மட்டும் காவலர் பயிற்சிக்குப் போனான். தோள் கன்றிப்போய் வந்து, "தாத்தா, ரெண்டாவது குண்டுக்குள்ள குறியே தப்பிப் போயிடுது" என்றான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'ரெக்யுல்'. பின்வாங்கல் என்று பொருள். 1963-இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது. அந்த வகையில் என் கைக்கு வந்தது .303 ரைபிள், சுமார் நாலு கிலோ.

உதையோடு மல்லுக்கட்டக் கூடாது. கட்டையைத் தோள்குழியில் பதித்து, கன்னத்தை ஒட்டி, உடம்பு முடிந்தவரை ரைபிளுக்கு நேர்பின்னால் கிடக்க வேண்டும். ரொம்பக் கோணலாகப் படுத்தால் குழல் பக்கவாட்டில் துள்ளும். நேராகப் படுத்தால் மேலே எழும்பி, பழைய இடத்துக்கே இறங்கும். வலிக்குப் பயந்து சுடுமுன்பே கண்ணை மூடுபவனுக்கு இது எதுவும் உதவாது. முதலில் தோள் பதிய வேண்டும், பயம் தானே குறையும்.

போல்ட்டை இழுக்கும்போதும் கட்டை தோளை விட்டு விலகக் கூடாது. எங்களில் பாதிப் பேர் நேரத்தைத் தொலைத்தது அங்கேதான். பின்னால் வந்த எஸ்.எல்.ஆரில் அந்த வேலையை வாயுவே பார்த்துக்கொள்ளும்.