சாரதி இல்லாத வண்டி

ஜப்பானில் பழைய வாகன வியாபாரம் செய்யும் எங்களூர்ச் சகோதரர் ஒருவரின் அழைப்பின் பேரில் 2024 ஏப்ரலில் அங்கு சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் என்னை ஃபுகுயி மாநிலத்தின் எய்ஹெய்ஜி என்னும் மலையடிவாரச் சிற்றூருக்கு அழைத்துப் போனார். 1244இல் தோகென் என்ற துறவி நிறுவிய பௌத்த மடத்தைக் காண உல்லாசப் பயணிகள் வரும் ஊர் அது. நான் காணப் போனதோ ஒரு வண்டியை.

ஏழு பேர் அமரக்கூடிய சிறிய மின்சார வண்டி. சாரதி இல்லை. பிஸ்மி சொல்லி ஏறினேன். கொஞ்சம் பலமாகவே சொன்னேன்!

மணிக்கு 12 கிலோமீற்றர்தான் வேகம். நம்மூர்ச் சைக்கிள்காரர் முந்திவிடுவார். பாதைக்கு அடியில் புதைத்த கம்பியின் காந்த உணர்வைப் பிடித்துக்கொண்டே சுமார் இரண்டு கிலோமீற்றர் ஓடுகிறது. தூரத்து அறையொன்றில் ஒருவர் திரையில் மூன்று வண்டிகளைக் கவனிக்கிறார். ஜப்பானில் இவ்வாறு சாரதியின்றி ஓட முதன்முதலாக அனுமதி பெற்று, 2023 மே மாதம் சேவை ஆரம்பமானது இங்குதான்.

இது முன்பு ரயில் பாதை. 2000 டிசம்பரிலும் 2001 ஜூனிலும் அந்த ரயில் கம்பனியின் வண்டிகள் ஆறே மாத இடைவெளியில் இருமுறை மோதின. 2002இல் இந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

முன் ஆசனத்தில் ஒரு மூதாட்டி. நான் கம்பியை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார். வயதானதால் வாகன அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், பிள்ளைகள் நகரத்தில். நண்பர் இதை மொழிபெயர்த்தபோது எனக்கு என் உம்மாவின் ஞாபகம் வந்தது. மருந்தெடுக்கப் போவதென்றால் பிள்ளைகளில் ஒருவர் வரும்வரை திண்ணையில் காத்திருந்தவர் அவர்.

2023 அக்டோபரில் இந்த வண்டி, ஓரத்தில் நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்றில் மெதுவாக மோதியது. யாருக்கும் காயமில்லை. ஆளில்லாத சைக்கிளை அடையாளம் காண இயந்திரத்துக்குப் போதியளவு பழக்கியிருக்கவில்லை. ஓதிக்கொடுக்காத பாடத்துக்கு மாணவனைக் குறைசொல்ல முடியுமா? சேவையை நிறுத்தித் திருத்தி, 2024 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கினார்கள். ஒரு சைக்கிளுக்காக நான்கு மாதத்துக்கு மேல்! நம் பாதைகளில் மனித உயிர் போனாலும் மறுநாளே அதே பஸ் அதே வேகத்தில் ஓடும்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. என் மாணவர்கள் பலரின் வாப்பாமார் த்ரீவீல் ஓட்டுபவர்கள். இப்படியொரு வண்டி வந்தால் அவர்கள் வீட்டு அடுப்பு என்னாவது? "இங்கே ஓட்ட ஆளில்லை, மௌலவி. இளைஞர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள்" என்றார் நண்பர். நம்மிடமோ கைகள் நிறைய உண்டு. ஆகவே இதை அப்படியே நம்மூருக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கார்களுக்கு இடமில்லாத, புகையும் இரைச்சலுமற்ற, ஒரு தாய் துணையின்றிப் போய்வரக்கூடிய அந்தப் பாதையைத்தான் கேட்கத் தோன்றியது.

இறங்கியதும் புல்தரையில் லுஹரைக் கஸ்ராகத் தொழுதோம். கிப்லா அங்கும் நம் நாட்டைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்காக. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, வண்டி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்துகொண்டிருந்தது.